படத்தில் இல்லாத கடைசிக் காட்சி

மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில் இன்று படம் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடப் பையன்கள் இருவரின் முதல் காதல். இயக்குநர் சொந்தக் காசில் எடுத்தது.

தொடங்கும் முன்பே அவருடைய லேப்டாப் படுத்துவிட்டது. என்னுடையதைக் கொடுத்தேன்.

கடைசியில் ஒருவன் ரயில் ஏறிப் போய்விடுகிறான். படம் முடிந்து பிளேயர் தானாக மூடிக்கொண்டது. திரை முழுக்க என் வால்பேப்பர். பட்டினப்பாக்கம் கடற்கரையில் நானும் செந்திலும், கன்னத்தோடு கன்னம்.

என்னோடு குடும்பம் நடத்தியவன். போன வருடம் இறந்துபோனான்.

ஹாலே கைதட்டியது.

முன்வரிசை மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா, கடைசில சேந்துட்டா! பயந்துண்டே இருந்தேன்."

"அந்த ஒல்லிப் பையனுக்குத்தான் இப்படி வழுக்கை விழுந்துடுத்து, பாவம்" என்றார் அவர் கணவர். அந்த வழுக்கை அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது.

இயக்குநர் என்னை ஓரமாக இழுத்தார். "பாஸ், அந்த போட்டோவ குடுப்பீங்களா? நான் வெச்ச முடிவுக்கு ஒருத்தர்கூட கைதட்டல."

"செந்தில்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"பொறுமையா கேளுங்க பாஸ்" என்றார்.

அந்த போட்டோவில் தன் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று செந்திலுக்கு எப்போதும் கோபம். கொடுக்கலாமா? அவனோடு பழகினவர்கள் சொல்லுங்கள்.