நுளம்புக்கு வைத்த புகை

எங்கள் வட்டை வயல்களில் விடியற்காலையில் உழவுக்கு இறங்குகிறவனுக்கு முதல் எதிரி நுளம்புதான். தண்ணீர் கட்டிய வயலில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். நுளம்பு காதுக்குள் புகுந்தாலும் அடிப்பதற்குக் கை ஒழியாது. கையை எடுத்தால் மெசின் தன் பாட்டில் வரம்பேறிப் போய்விடும்.

இதற்கு என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முன்பக்கம் பார்த்திருந்த சைலன்சரைக் கழற்றி, அதன் வாய் தன்னைப் பார்க்கும்படி திருப்பிப் பூட்டிவிட்டார். புகை நேரே அவருடைய முகத்துக்கு வந்தது. நுளம்பு ஒன்றுகூடக் கிட்ட வரவில்லை. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்த நடையைப் பார்க்க வேண்டும், உன்னிச்சைக் குளத்தையே தான்தான் கட்டினவர் போல வந்தார். அந்தப் போகம் முடிவதற்குள் வட்டையில் லாண்ட்மாஸ்டர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதேபோலத் திருப்பிக்கொண்டார்கள். தேத்தண்ணிக் கடையில் இவருக்கு நல்ல மரியாதை.

அடுத்த போகத்தில் தலைவலி தொடங்கியது. இவர் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் எழும்ப மனம் வராத மனிதர். உழவு நாட்களில் மட்டும் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் பாயில் சரிந்துவிடுவார். சில நாட்களில் ஓங்காளித்துச் சத்தியும் எடுப்பார். வயலிலிருந்து தள்ளாடி வருவதைப் பார்த்த அயலட்டைப் பெண்கள், இவர் காலையிலேயே கசிப்புக் குடிக்கிறாரோ என்று என்னிடமே சுற்றி வளைத்துக் கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு கிழமை அவர்களோடு பேசவில்லை. குடியாக இருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இவருடைய தகப்பன் இதே வயதில், இதே வயலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். பிறகு எழும்பவில்லை. வீட்டில் நாங்கள் இருவரும் அதைத்தான் நினைத்தோம், இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு காலையில் புட்டும் தேத்தண்ணியும் கொண்டு வயலுக்குப் போனேன். தூரத்தில் மெசின் போய்க்கொண்டிருந்தது, பின்னால் ஆளைக் காணவில்லை. மெசின் தனியாக வரம்பில் ஏறி அடுத்தவன் வயலுக்குள் இறங்கியது. புட்டுப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். இவர் இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வயல்காரர் ஓடிப்போய் மெசினை நிறுத்தினார். யாரோ ஓட்டோ ஒன்றைக் கூட்டி வந்தார்கள். வலையிறவுப் பாலத்தைக் கடக்கும்போது வாவித் தண்ணீரைப் பார்த்தபடி, பட்டிருப்பு முதல் மாமாங்கம் வரை எனக்குத் தெரிந்த எல்லாக் கோயில்களுக்கும் நேர்ந்து வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், இரண்டு நாள் படுக்கவும் வைத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு பெண் டொக்டர் வந்து, என்ன தொழில், எப்போது தலை சுற்றுகிறது என்று பொறுமையாக விசாரித்தார். தொழில் என்ற சொல் காதில் விழுந்ததும் இவருக்கு உசார் வந்துவிட்டது. கட்டிலில் எழும்பியிருந்து, சைலன்சரைத் திருப்பிய கதையை முதலிலிருந்து விவரமாகச் சொன்னார். பாராட்டு வரும் என்றே காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

டொக்டர் பேனையை வைத்தார். "நுளம்பு நிக்க ஏலாம ஓடுற புகைக்குள்ள நீங்க விடியத் துவங்கி மத்தியானம் மட்டும் நிக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டேன். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. தொழிலை விட வேண்டியதில்லை, புகையை விட்டால் போதும் என்று டொக்டர் சொல்லியனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் சைலன்சரைக் கழற்றி உரப்பையில் போட்டுக்கொண்டு நான்தான் காத்தான்குடிக்கு பஸ் ஏறினேன். இவரை விட்டால் மறுபடியும் ஏதாவது கண்டுபிடிப்பார். எஞ்சினிலிருந்து இவருடைய தலைக்கு மேல் எவ்வளவு உயரம் வேண்டும் என்று தென்னை ஈர்க்கில் அளந்து முறித்து, அதையும் கையில் பிடித்துப் போனேன். இரும்பு ஒட்டுக்கடைக்கார நானா ஈர்க்கைப் பார்த்துச் சிரித்தாலும் அந்த அளவுக்கே குழாயை வெட்டினார். மேலே போய் முன்பக்கம் வளைகிற மாதிரி ஒட்டித் தந்தார். மூட்டில் புகை கசியாமல் புது வாசர் போட வேண்டும், எஞ்சினுக்குப் போகும் காற்றில் தூசு பிடிக்கிற காற்று வடியையும் கழற்றிப் பார்க்க வேண்டும், அது அடைத்திருந்தால் எஞ்சின் கறுப்பாகத்தான் கக்கும் என்றார். வீட்டில் கழற்றிப் பார்த்தபோது அதற்குள் பாதி வயல் இருந்தது.

நீட்டுக் குழாயோடு மெசின் வட்டைக்குள் இறங்கிய அன்று, கப்பல் வருகுது, வழி விடுங்கடா என்று எல்லோரும் கத்தினார்களாம். ஆனால் அவர்களுக்கும் அதே தலைவலி இருந்திருக்கிறது, வீட்டில் அதை வெயிலின் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கதை பரவியதும் ஒவ்வொருவராக வந்து, ஒன்றும் தெரியாதவர்கள் போலக் குழாயின் அளவு கேட்டார்கள். எடுத்துக் கொடுக்க ஈர்க்கு வீட்டில் பத்திரமாக இருந்தது.

அந்த முதல் நாள் மத்தியானம் இவர் வந்தபோது நான் வாசலில் நின்று நடையைத்தான் பார்த்தேன். நேராக வந்தார். முகத்தில் கரி இல்லை. காது, கழுத்து, கால் எல்லாம் தடித்துச் சிவந்திருந்தன. நுளம்பைத் திட்டிக்கொண்டே கை கழுவினார், திட்டிக்கொண்டே சோற்றுக்கு இருந்தார், சொறிந்துகொண்டே சாப்பிட்டார்.

"தின்னுது புள்ள, ஆளை அப்படியே தின்னுது" என்றார்.

"தின்னட்டும்" என்றேன்.

கோப்பை காலியானது. "மறுகா கொஞ்சம் சோறு போடு" என்று நீட்டினார். எனக்கென்று வைத்திருந்ததையும் சேர்த்துப் போட்டேன்.