ஐம்பது விநாடி வெளிச்சமும் ஒரு பொட்டலம் கார்போக அரிசியும்

போன வருடம், என் பிசியோதெரபி படிப்பின் கடைசிப் பயிற்சி தொடங்க ஆறு வாரம் இருந்தபோது நடந்தது இது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ரயில் மாறி, நகரத்துக்குள் இருக்கும் ஒரு தோல் சிகிச்சை நிலையத்துக்கு நான் அலைந்துகொண்டிருந்த நாட்கள்.

எனக்குப் பள்ளிக் காலத்திலிருந்தே சொரியாசிஸ், தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய். தொற்றாது. இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்துவிட்டது. அதற்கான பயாலஜிக் என்ற புதுவகை ஊசி போட ஆரம்பித்ததும் முதுகும் கால்களும் அழகாகத் தெளிந்தன. முன்கைகள் மட்டும் அடம்பிடித்தன. அதுவும் அரைக்கைச் சீருடைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. முந்தைய பயிற்சியில் ஒரு நோயாளி என் கையைப் பார்த்துவிட்டு, நான் பிடித்திருந்த தன் காலை மெல்ல இழுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். அது இன்னொரு முறை நடக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வெறி.

ஊசியைத் தொடர்ந்துகொண்டே கூடவே ஒளி சிகிச்சையும் எடுக்கலாம் என்றார் மருத்துவர். வாரம் மூன்று நாள். குழல் விளக்குகள் பதித்த அலமாரி போன்ற ஒரு பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எவ்வளவு நேரம்? ஆரம்பத்தில் ஐம்பது விநாடி, தோல் தாங்கத் தாங்கக் கொஞ்சம் கூட்டுவார்கள். அதற்காகப் பொங்கோலிலிருந்து ரயில், மாற்று ரயில், வரிசை எண், காத்திருப்பு. உடனடி நூடல்ஸ் வேகக்கூட இதைவிட அதிக நேரம் ஆகும். ஒவ்வொரு தடவையும் விளக்கை முடுக்கும் நர்ஸ், எங்கள் பேச்சில் தாதி அக்கா, மனப்பாடம் செய்ததுபோல் அதே கேள்வியைக் கேட்பார்.

"புது மருந்து, க்ரீம், எண்ணெய் ஏதாச்சும்?"

"சேம் லா அக்கா, புதுசா ஒண்ணுமில்ல."

இரண்டு வாரம் ஓடியது. கை அப்படியே இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. படித்தவள் ஆயிற்றே, இணையத்தில் தோண்டினேன். கார்போக அரிசி என்ற நாட்டு மருந்து விதையில் இருக்கும் ஒரு பொருள் தோலில் ஒளியின் வேலையைத் தூண்டும் என்று எங்கோ ஒரு வரி கிடைத்தது. அடுத்த வரியைப் படிக்க எனக்கு நேரமில்லை. சிராங்கூன் ரோட்டுப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினேன்.

"இத தடவிட்டு வெயில்ல நிக்கக்கூடாதும்மா, தெரியும்ல?" என்றார் கடைக்காரர்.

"தெரியும் அண்ணே." வெளிச்சத்தில் நிற்கத்தான் வாங்குகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கைகளில் பூசிக்கொண்டேன். சிகிச்சைக்குப் போகும் வழியில் ரயில் நிலையக் கழிவறையில் டிஷ்யூவால் துடைத்தேன். தாதி அக்கா கேட்டார். "சேம் லா" என்றேன். பெட்டிக்குள் நின்றுவிட்டு, நண்பகல் வெயிலில் கைவீசி வகுப்புக்கு நடந்தேன்.

அன்றைக்கு ஒன்றுமில்லை. மறுநாள் மாலை கை சிவந்தது. அதற்கு அடுத்த நாள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளம். சட்டை பட்டாலே கண்ணில் நீர் வந்தது.

அப்படியே போய் நின்றேன். தாதி அக்கா என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தடவுனே?"

சொன்னேன்.

"நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"என்ன சொன்னே?"

"சேம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீ சொல்றத வச்சுத்தான்மா நான் விநாடிய கூட்டுறேன். ஐம்பது விநாடி நிக்க ஒனக்குப் பொறுமை இல்ல. இப்ப கருவாடு மாதிரி காஞ்சு வந்து நிக்கிறே."

அவர் திட்டியதுகூடப் பரவாயில்லை. ஒளி சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். ஊசி மட்டும் தொடர்ந்தது. சொரியாசிஸுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தோலில் எங்கே காயம் பட்டாலும் அங்கே புதிதாக முளைக்கும். கொப்புளம் ஆறிய இடத்திலெல்லாம் அச்சு எடுத்தாற்போலப் புதுத் திட்டுகள் வந்தன. கையில் நன்றாக இருந்த இடத்தையும் நானே கெடுத்துக்கொண்டேன். என்மேல் எனக்கு வந்த எரிச்சல் அந்தக் கொப்புளத்தைவிட மோசம்.

பயிற்சி தொடங்கிய அன்று கை முன்பைவிட அசிங்கமாக இருந்தது. என் முதல் நோயாளி, முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஜாலான் புசார் சாலை இரும்புச் சாமான் கடைக்காரர். வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிகளைச் செய்தாரா என்று கேட்டேன்.

"எல்லாம் சொன்னபடிதான் லா" என்றார், பட்டென்று.

அந்த வேகம் எனக்குத் தெரிந்த வேகம். முழங்காலும் வீங்கியிருந்தது. நான் குனிந்து தொட்டபோது அவர் பார்வை என் கையில் விழுந்தது. காலை இழுக்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"கைல என்னம்மா?"

"சொரியாசிஸ் அங்கிள், ஒட்டாது. சீக்கிரம் சரியாகணும்னு நானே எதையோ தடவி சுட்டுக்கிட்டேன். நர்ஸ்கிட்ட பொய் வேற."

அவர் கால் அசையவில்லை.

"பத்து தடவைன்னு எழுதியிருந்துச்சு," என்றார் மெதுவாக. "நான் முப்பது செஞ்சேன்."

பிறகு எனக்கு ஒளி சிகிச்சை மறுபடி முதலிலிருந்து, இன்னும் குறைந்த விநாடிகளில் தொடங்கியது. தாதி அக்கா இன்றும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது, ஆனால் என் நோயாளிகளிடம் அதே கேள்வியை இரண்டு முறை கேட்பவளாக நான் மாறிவிட்டதால், ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.