வியாழக்கிழமைத் தப்பு

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டவர். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. தூங்குவது போல நடிப்பவனை மூச்சு விடும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கழிப்பறைக்குள் ஒளிந்தவனுக்காகக் கதவைத் தட்ட மாட்டார், எதிரே நிற்பார். எப்படியும் வெளியே வந்துதானே ஆகவேண்டும். அந்தப் புத்தி வேலை முடிந்ததும் சீருடையோடு கழன்றுவிடுமா என்ன? பால்காரர் பால் ஊற்றும்போதுகூட இவர் கண் பாலில் இருக்காது, பால்காரர் முகத்தில் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள், கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் இசைப் பிரிவுக்குத் தேர்வானாள். அங்கே எட்டாம் வகுப்பிலிருந்து மதியத்துக்கு மேல் பிள்ளைகள் பிரிந்துபோவார்கள். சிலர் அறிவியல் கூடத்துக்கு, சிலர் ஓவிய அறைக்கு, சிலர் இசைக்கு. இவளுக்குக் கிடைத்தது ஆர்கன். கைகளுக்கு இரண்டு வரிசைக் கட்டைகள், காலுக்கு ஒரு வரிசை. ஆர்கன் இருந்ததோ பள்ளியின் சிற்றாலயத்தில்.

"பாட்டு சொல்லித்தர வேற இடமே இல்லையா? கோயிலுக்குள்ளதான் கூட்டிட்டுப் போகணுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"தினம் தூக்கிட்டு வர அது என்ன சாப்பாட்டுக் கேரியரா?"

அதற்கப்புறம் தடயங்கள் ஒவ்வொன்றாகச் சிக்கின. மகள் ஆசை ஆசையாக வளர்த்த நகங்களை ஒட்ட வெட்டினாள். வளையல்களைக் கழற்றினாள். குதிகால் உயர்ந்த செருப்பை மூலையில் போட்டுவிட்டு, தட்டையான கறுப்புக் காலணி கேட்டாள். சாப்பாட்டு மேசையில் பேச்சில்லை. மேசை விளிம்பில் விரல்கள் மட்டும் ஜெபமாலை உருட்டுவது போல அசைந்துகொண்டிருந்தன. பூதக்கண்ணாடிக்குக் கணக்கு நேராகிவிட்டது. பாட்டெல்லாம் சும்மா. பிள்ளையை மடத்துக்கு இழுக்கிறார்கள்.

"வளையல் கட்டையில இடிக்குதாம். நகம் வழுக்குதாம். மெல்லிசு காலணின்னாதான் கால்கட்டை காலுக்குத் தட்டுப்படுமாம்" என்றாள் மனைவி. "உங்க மண்டையில என்னதான் ஓடுது?"

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் ரெடியா இருக்கு பாத்தியா? டிக்கெட் எடுக்காதவன்கிட்டதான்டி காரணம் நிறைய இருக்கும்."

வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை. சாமி கும்பிட வந்ததாக வாயிற்காவலரிடம் சொல்லிவிட்டு, சிற்றாலயத்தின் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்து ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மூலையில் மகளின் முதுகு தெரிந்தது. நடுவில் இசை சிஸ்டர் கையை ஆட்டித் தாளம் காட்டினார். வாரா வாரம் போனார். மடம் என்றோ துறவு என்றோ ஒரு பேச்சு வரவில்லை. அதனாலேயே சந்தேகம் முற்றியது. மகள் அடிக்கடி தடுமாறுவாள். சிஸ்டர் அருகில் போய்க் குனிந்து காதோடு ஏதோ சொல்வார். அந்தக் கிசுகிசுப்பைப் பிடிக்க இவர் தூணோடு ஒட்டிக்கொண்டு காதைத் தீட்டுவார்.

கடைசியில் சிஸ்டரே கூப்பிட்டனுப்பினார். அடுத்த வாரம் இசைப் பிரிவில் தேர்வு. அதில் தேறாதவர்கள் சாதாரண வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். 'தேர்வு ஒரு சாக்கு, இப்போது விஷயத்துக்கு வருவார்கள்' என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போனார்.

ஆர்கன் பக்கத்தில் நின்றபடியே சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நேராவே கேக்கறேன். வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"எங்க வீட்டுல என்ன பிரச்சினை?"

"மத்த நாள்ல உங்க பொண்ணு வாசிச்சா கண்ணை மூடிட்டுக் கேக்கலாம். வியாழக்கிழமை மட்டும் தப்புத் தப்பா வருது. என்னம்மான்னு பக்கத்துல போய்க் கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறா. இந்தத் தேர்வும் வியாழக்கிழமைதான்." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளையை அடிப்பீங்களா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரையே விசாரித்தவரை இதுவரை யாரும் விசாரித்ததில்லை. கோபத்தில் திரும்பியபோது ஆர்கனுக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடி கண்ணில் பட்டது.

"இது எதுக்கு?"

"வாசிக்கிறவங்க முதுகு காட்டித்தானே உக்காரணும்? என் கை அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் மெல்ல ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தார். கண்ணாடியில் பெஞ்சுகள் தெரிந்தன, பக்கவாட்டுக் கதவு தெரிந்தது. சிஸ்டர் நிற்கும் நடுப்பாதைக்குத்தான் தூண் மறைப்பு. இந்த மூலைக்கு அது எதையும் மறைக்கவில்லை. அவர் நின்ற இடம் பளிச்சென்று தெரிந்தது.

"வியாழக்கிழமை எனக்கு லீவு, சிஸ்டர்" என்றார். தூணைக் கையால் காட்டினார்.

சிஸ்டர் தூணைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "தேர்வு அன்னிக்கு முன் பெஞ்சுல வந்து உக்காருங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் மகளின் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. தேர்வன்று முன் பெஞ்சில் உட்கார்ந்தார். மகள் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் அவரும் அவளைப் பார்த்தார். பிறகு அவள் வாசித்தாள். அவருக்கு இசை புரியாது, ஆனால் எங்கேயும் நிற்கவில்லை என்பது புரிந்தது. பரீட்சை வைக்க வந்தவர் தலையசைத்து, தொடர்ந்து படிக்கலாம் என்றார்.

திரும்பி நடக்கும்போதுதான் கேட்டார். "நான் அங்க நிக்கிறது உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் வாரமே தெரியும்."

"சிஸ்டர் அத்தனை தடவை கேட்டிருக்காங்க. படிப்பே போயிருக்குமே பாப்பா. எங்கப்பாதான் ஒளிஞ்சு நிக்கிறார்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களை எப்படிப்பா நான் பிடிச்சுக் குடுக்கிறது?"