எங்கள் வீட்டு மூஞ்சி

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி வீடு கட்டி முடித்தோம். வரைபட அனுமதி, மின் இணைப்பு, வீட்டுவரி என்று எந்த மேசையில் எந்தத் தாளை வைக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. தாலுகா அலுவலகத்திலேயே தலை நரைத்தவன் நான். திருஷ்டி பொம்மைக்குத்தான் விதிமுறை எதுவும் இல்லை.

என் மனைவிக்கு இரண்டு ஆசைகள். புதுமனை புகுவிழாவுக்கு வருகிறவர்கள் வீட்டைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். ஒருவர் கண்ணும் பட்டுவிடக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்றேன்.

"உங்களுக்குப் புரியாதுங்க" என்றாள். கோப்பு மூடப்பட்டது.

கடையில் தொங்கிய பொம்மைகள் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இதுல என்னங்க அசிங்கம் இருக்குது? இதுக்குப் பொண்ணே குடுக்கலாம்!"

தருமபுரியில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியரிடம் போனேன். "எந்த மாதிரி அசிங்கம் சார் வேணும்?" என்றார்.

மனுக்களில் நான் பார்த்த அசிங்கமே வேறு. 'பக்கத்து வீட்டுக்காரர் அசிங்கமாகப் பேசினார்' என்று வந்தால் 'தகாத வார்த்தைகள்' என்று திருத்துவோம். 'வாசலில் நாய் அசிங்கம் செய்கிறது' என்றால் 'அசுத்தம்'. ஒரு முகத்துக்கு அசிங்கம் வேண்டும் என்று யாரும் மனு போட்டதில்லை.

"பார்த்தா கண்ண எடுக்க முடியாத அளவுக்கு சார். அதானே?" என்று அவரே முடித்துக்கொண்டார்.

தகரத்தில் வந்திறங்கியது அந்த மூஞ்சி. கத்தரிக்காய்க் கண்கள், காது வரை கிழிந்த வாய், ஆளுக்கொரு திசை பார்க்கும் பற்கள். "அய்யய்யோ, வவுத்தப் பொரட்டுது! சீக்கிரம் மாடி முகப்புல மாட்டுங்க" என்று மனைவி கைதட்டினாள்.

விழா அன்று இண்டூரிலிருந்து அவளுடைய அக்கா வேனை விட்டு இறங்கியதும் சாலையிலேயே நின்றுவிட்டார். "அடியே, என்ன மூஞ்சிடி இது! எங்க புடிச்சீங்க?"

"கோரம்னா இது கோரம்" என்றார் அவர் கணவர். "சகலை, கண்ணாடியப் பார்த்து வரையச் சொன்னீங்களா?"

வேனே சிரித்தது. அத்தனை பேரும் மாடியேறி அதனுடன் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் ஏறினார்கள்.

"அக்கா, இந்தக் கதவு தேக்கு. டைல்ஸ் பெங்களூருல..."

"இருடி, அந்த மூஞ்சிய இன்னொருவாட்டி பார்த்துட்டு வந்துடறேன்."

எல்லோரும் போன பிறகு மனைவி வாசற்படியில் உட்கார்ந்தாள். "வூட்டப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கலியே. எனக்கு அசிங்கமாப் போச்சுங்க."

"ஒருத்தர் கண்ணும் படலையே, பொம்மை வேலை செஞ்சிருக்குது" என்றேன். அன்றிரவு எனக்கு ரசம் மட்டும்தான்.

மறுநாள் மூஞ்சி கழற்றப்பட்டுக் குளியலறைக்குப் பின்னால் போனது. அக்காவுக்கு போன் போனது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர், மேலே தேடிப் பார்த்து ஏமாந்து, வேறு வழியில்லாமல் கதவைப் பார்த்தார். தடவினார். உள்ளே போய் டைல்ஸில் காலைத் தேய்த்தார். அறை அறையாகச் சுற்றினார்.

"என்னமாடி கட்டியிருக்கற! ஊரு கண்ணே இதுமேலதான் போ!"

என் மனைவி உயரத்தில் அரை அடி கூடிவிட்டாள். அக்காவுக்கு இரண்டாவது காபி, மூன்றாவது முறுக்கு. பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பியவள் வாசலிலிருந்தே கத்தினாள். "ஏணி எடுங்க, ஏணி! மொதல்ல அந்த மூஞ்சிய முன்னால மாட்டுங்க!"

இப்போது விதிமுறை உருவாகிவிட்டது. விருந்தாளி வந்தால் பின்பக்கம், போனால் முன்பக்கம். வசதிக்காக ஏணியை வாசலிலேயே சாய்த்து வைத்தேன்.

"ஏணி அசிங்கமா இருக்குதுங்க, எடுத்துப் பின்னால வைங்க" என்றாள்.