ரெண்டு பக்கமும் இறங்கணும்

உலோகத்தின் மேல் உலோகம் படியவைக்கும் வேலையில் கைக்கு அதிக வேலை கிடையாது, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாயை மூடத் தெரியாத என்னைக் காலேஜ் லீவில் அடையாறிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே உட்காரவைத்தார்கள். இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் எங்கேயாவது மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குப் புரியும்.

பீக்கரைத் தொடாதே

ஒரே பீக்கரில் செம்பும் கோபால்ட்டும் கரைந்திருக்கும். மின்னழுத்தத்தைக் குறைத்தால் செம்பு படியும். கூட்டினால் கோபால்ட் படியும். மாற்றி மாற்றிக் கொடுத்தால் அடுக்கடுக்காக, தலைமுடியைவிட மெல்லிய தகடு. அதைக் காந்தத்துக்கு நடுவில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் மின்தடை இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆய்வுக்கூடத் தலைவரான சார் ஒரு வருடத்துக்கு வெளிநாடு போகிறார். அதற்குள் இறங்காவிட்டால், அவரிடம் ஆராய்ச்சி செய்யும் சுமதி அக்காவின் பிஎச்டிக்குக் கடைசி அத்தியாயம் கிடையாது.

அக்கா நகத்தைக் கடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்காதே. பின்னால் நின்று சாரின் மயிலாப்பூர்க் குரலை எடுத்தேன்: “என்ன சுமதி, ஆயிண்டிருக்கா?” அக்கா துள்ளியதில் மேஜை ஆடியது. பீக்கர் தப்பித்தது. திரும்பிப் பார்த்தார்.

“இன்னொரு தரம் அந்தக் குரல் வந்துச்சுன்னா, தகட்டைக் கழட்டிட்டு உன்னை அந்த எடத்துல மாட்டிருவேன்.”

அண்ணாச்சி கடைப் பசை

தகடு ஒரு டைட்டானியப் பட்டையின் மேல் படிந்திருக்கும். அப்படியே அளந்தால் மின்சாரம் பட்டை வழியாக ஓடிவிடும். அதனால் மேலே பசை தடவி, கண்ணாடித் துண்டை ஒட்டி, காய்ந்ததும் தகட்டைப் பட்டையிலிருந்து உரிக்க வேண்டும். கிழிந்தால் முதலிலிருந்து.

வியாழக்கிழமை பார்த்துப் பசை தீர்ந்தது. மயிலாப்பூர் ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். எதற்கு என்றார் கடைக்காரர். அவருடைய திருநெல்வேலி இழுப்பிலேயே, “ஒரு அக்காவோட பிஎச்டிய ஒட்டணும் அண்ணாச்சி” என்றேன். அவர் நிமிரவே இல்லை.

“செருப்புன்னா பிடிச்சுக்கிடும் தம்பி, மத்ததுக்கு கேரண்டி கெடையாது.”

ஏறிவிட்டது

கிழியாமல் உரிந்தது. காந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் முருகன் அண்ணன் தகட்டில் கம்பிகளை இணைத்து, காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் வைத்தார். காந்தப்புலம் கூடக்கூட மின்தடை இறங்கியது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அக்கா கையால் அடக்கினார். அண்ணன் தகட்டைத் திருப்பி வைத்தார்.

ஏறியது.

கோபால்ட் அடுக்குகளை நடுவிலிருக்கும் செம்பு பிரித்து வைத்தால்தான் ரெண்டு பக்கமும் இறங்கும் வித்தை நடக்கும். வெள்ளிக்கிழமை நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் அக்கா செம்புக்கான நேரத்தைக் குறைத்திருந்தார். மெலிந்த செம்பில் பொத்தல் விழுந்து, கோபால்ட்டும் கோபால்ட்டும் ஒட்டிக்கொண்டன. பார்க்க வந்திருந்த சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்தப் பக்கம் எறங்கறது, அந்தப் பக்கம் ஏறறது. இதுக்கு எதுக்கும்மா இத்தனை அடுக்கு, வெறும் கோபால்ட் தகடே பண்ணுமே?”

வாசலில் பெட்டி

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்து, செம்புக்கு முழு நேரத்தையும் கொடுத்தோம். அது சாவகாசமாகத்தான் படியும், கெஞ்சினாலும் நகராது. மத்தியானம் போனது. பசை காய மறுத்தது. சாரின் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கு யாருடைய குரலும் வரவில்லை. “இன்னா நைனா, ரேடியோ ஆஃப் ஆய்டுச்சா?” என்றார் முருகன் அண்ணன்.

ஒருவழியாகக் காய்ந்ததும் உரித்துக் காந்தத்தில் வைத்தோம். முதல் பக்கம் இறங்கியது. திருப்பும்போது ஒரு கம்பி கழன்றது. வெளியே டாக்சி ஹாரன் அடித்தது. அண்ணன் கம்பியை மறுபடி ஒட்டி, வாயால் ஊதி ஊதிக் காயவைத்தார். அக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். காந்தப்புலம் கூடியது. மின்தடை இறங்கியது, துளிதான், ஆனால் இறங்கியது. நான் சொல்லியும் அக்கா திரும்பவில்லை. சார் திரையருகே குனிந்து பார்த்தார்.

“அத்தியாயத்தை எழுத ஆரம்பிச்சுடு சுமதி. அப்படியே, இதே மாதிரி இன்னொண்ணு பண்ணி ரிசல்ட்டை மெயில்ல அனுப்பு.”

ஆக, எங்கள் தொழிலில் ஜெயித்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசு, அதே வேலையை மறுபடியும் செய்வது.