ஒரே வாடகை சொன்ன மூன்று படகுகள்

சுவேதாவின் கோப்பு மேசைக்கு வந்தாலே எனக்குத் தலைவலி. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், பெயர் சபாபதி. 'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார்' என்று பேராசிரியர்கள் என்னைக் கிண்டலடிப்பது காதில் விழாமல் இல்லை. அடிக்கட்டுமே! ஆராய்ச்சிக்கு அரசு தருவது மக்களின் வரிப்பணம். நாளைக்கு ஆடிட்காரன் வந்து நின்றால் பதில் சொல்லப்போவது நானா, அவர்களா?

சுவேதா கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். அம்மா குப்பு கூடை சுமந்து மீன் விற்றுப் படிக்கவைத்தாள். நண்டின் வயிற்றில் எவ்வளவு பிளாஸ்டிக் சேர்கிறது என்பதுதான் அவளது ஆராய்ச்சி. வேடிக்கை என்னவென்றால், கடலோரம் பிறந்தவள் ஒருநாளும் கடலுக்குள் போனதில்லை. அவர்கள் ஊரில் பெண்கள் படகேறும் வழக்கமில்லை. இவளுக்காக ஊர்க்கூட்டம் இப்போதுதான் சம்மதித்திருந்தது.

மார்ச் முடிவதற்குள் படகு வாடகைப் பணம் செலவாக வேண்டும். இல்லையென்றால் அது டெல்லிக்கே திரும்பிவிடும். அடுத்து மீன்பிடித் தடைக்காலம். அவளுக்கு ஒரு வருஷம் பாழ், உதவித்தொகையும் நின்றுபோகும்.

அந்த நெருக்கடியில்தான், விதிப்படி மூன்று படகுக்காரர்களிடம் வாங்க வேண்டிய கொட்டேஷன்களை நீட்டினாள். மூன்றிலும் ஒரே தொகை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னம்மா, என்னைப் பாத்தா கேனயனா தெரியுதா? மூணு பேரும் கூடிப் பேசி எழுதினதுதானே இது?"

"ஆமா சார், கூடிப் பேசித்தான்," என்றாள் கூசாமல். "எங்க ஊர்ல வாடகைய பஞ்சாயத்துதான் வைக்கும். எவனாவது கொறைச்சா அபராதம் போடுவாங்க."

"ரெண்டு பேர ஜாஸ்தி போட்டு எழுதச் சொல்லு, முடிஞ்சிது கதை," என்றான் பக்கத்து மேசை அன்பரசு.

"பொய்க் கணக்கு என் மேசையில வேணாம்டா," என்று அவன்மேல் பாய்ந்தேன்.

"எங்கப்பா படகுல போலாமா சார்?" என்று மெல்லக் கேட்டாள்.

"கூடவே கூடாது. நீ வேலை செய்யற திட்டத்துப் பணம் உன் வீட்டுக்கே போகக்கூடாது."

தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த வாடிய முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். மூன்று பேர் குழு நேரில் போய் விசாரித்து, விலை நியாயம்தான் என்று கையெழுத்திட்டால் போதும் என்று ஒரு வழி இருந்தது. நானும் நூலகரும் ஒரு பேராசிரியரும் கடலூர் பஸ் ஏறினோம்.

"ஒருத்தன் கொறைச்சா இன்னொருத்தன் வயித்துல அடிச்ச மாதிரி சார்," என்றார் பஞ்சாயத்துத் தலைவர் காத்தவராயன். "அதான் எல்லாருக்கும் ஒரே வாடகை. படகுங்க முறை வச்சுப் போவும்." பக்கத்துக் குப்பத்திலும் விசாரித்தோம். அங்கே வாடகை இன்னும் ஜாஸ்தி. மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

படகு கிளம்பும் நாளில் மறுபடியும் போய் நின்றேன். மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். சுவேதா ஐஸ் பெட்டியோடு ஏறி, படகின் விளிம்பை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இது யார் முறை?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"கலியபெருமாள் முறை சார், புள்ளையோட அப்பன். அவுரு படகு போவக்கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்களாமே? முறைய விட்டுக் குடுத்துட்டாரு. இனிமே ஊர்ப் படகெல்லாம் ஒரு சுத்து வந்தாத்தான் அவுருக்கு."

மீன்பாடே இல்லாத நேரத்தில் அந்த வாடகை அவருக்கு எவ்வளவு பெரிது! சொன்ன விதி தப்பில்லை. ஆனாலும் சொன்ன வாய் என்னுடையது.

சுவேதா ஏறியிருந்த அடுத்த முறைக்காரரின் படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தவர்தான் கலியபெருமாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். நான் இந்தப் படகுல ஏறலாமா? அதுக்கும் ரூலு இருக்குதா?"

"கூலி வாங்கினா தப்பு."

"கூலிய எவன் கேட்டான்? புள்ள மொதமொத கடலுக்குப் போவுது சார். பயப்படுது."

"அதுக்கெல்லாம் ஒரு ரூலும் கிடையாது. ஏறுங்க, சீக்கிரம்!" என்று கத்தினேன்.

இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய் ஏறினார். விளிம்பைப் பிடித்திருந்த சுவேதாவின் கை, அப்பாவின் தோளுக்கு மாறியது.