அசையாதவர்கள் இருக்கும் மாடி

நாலாம் மாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் தலையெண்ணி அக்கா கையிலிருக்கும் சாவிக்கொத்தைக் கீழே போடுகிறார். முப்பது சாவிகள், சிமெண்ட் தரை. வாசிப்புக்கூடத்தில் குனிந்திருந்த தலைகள் அத்தனையும் விருட்டென்று நிமிர்கின்றன. "அய்யோ, கை வழுக்கிடுச்சு. நீங்க படிங்க, படிங்க" என்றபடி சாவியைப் பொறுக்கிக்கொண்டு படியிறங்கிவிடுகிறார். ஒரு நாளைக்கு நான்கு முறை அவருக்குக் கை வழுக்கும்.

காரணம் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அவருடைய கண்காணிப்பு அறையில் இருக்கிறது. அது ஆறு மாடிப் பொதுக் கட்டடம். எந்த மாடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஆள் வராமல் மூட வேண்டிய மாடி எது என்று பார்க்க, கூரைதோறும் ஒரு கேமரா. அதற்கு முகம் தெரியாது; ஆள் மட்டும்தான் தெரியும். திரையில் ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் ஒரு பச்சைக் கட்டம் விழும், மூலையில் மொத்த எண் ஓடும். எண் பூஜ்யமானால் அந்த மாடியின் விளக்குகள் தாமாகவே அணைந்துவிடும். எல்லாம் சரிதான். ஆனால் ஒருவர் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்துவிட்டால், கேமரா அவரை நாற்காலியோடு சேர்த்துவிடும். பச்சைக் கட்டம் இரண்டு முறை மின்னிவிட்டு மறைந்துபோகும்.

யார் முதலில் மறைவார் என்பது அக்காவுக்கு அத்துப்படி. "பேப்பர் புரட்டுறவங்க மறையவே மாட்டாங்க. போன் நோண்டுறவங்களும் அப்படித்தான். தடி புஸ்தகத்தைத் தூக்கிட்டு ஒரு ஆள் உக்காந்துச்சுன்னா, அவ்வளவுதான், கால் மணி நேரத்துல ஆவி!" சாவி விழுந்ததும் ஆவிகளெல்லாம் திரும்பி வந்துவிடும். நாலு, பத்தொன்பதாகும்.

ஒருவர் மட்டும் நாள் முழுக்க மறைவதே இல்லை. யாரோ ஜன்னலோரக் கொக்கியில் மறந்துவிட்டுப் போன மழைக்கோட்டு அது. மின்விசிறிக் காற்றில் கையை ஆட்டிக்கொண்டே இருப்பதால், கேமரா அதற்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறது. அக்கா வைத்த பெயர் 'கோட்டு சார்'. "ஒரு நாள் லீவு போட மாட்டாரு. அவரு புண்ணியத்துலதான் அங்க விளக்கே எரியுது."

அக்கா இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். படியில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், வண்டியில் எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார். பட்டப்பெயர் அங்கே வந்தது. பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டு வாசலில் செருப்புகளை எண்ணிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். "இங்கயும் டிக்கெட் கிழிக்கணுமாடி?" என்பார் தையல்காரரான கணவர். கேமரா வைத்த நிறுவனத்துக்கு அக்கா மூன்று முறை எழுதிப் பார்த்தார். 'எங்கள் கருவி சரியாகவே இயங்குகிறது' என்று மூன்று முறையும் ஒரே பதில். "தூங்குற ஆளும் பயணிதானே? அசையலைன்னா டிக்கெட் வேணாம்னு விட்டுடுவேனா?" என்று அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கேட்டார்.

சாவி விவகாரம் வீட்டில் தெரிந்தபோது கணவர் சும்மா இருக்கவில்லை.

"நீ பண்றது பித்தலாட்டம் இல்லையா?"

"இருக்கிறவங்களை இருக்காங்கன்னு காட்டுறது பித்தலாட்டமா?"

"உன் பொண்ணும் அங்கதானே படிக்கிறா. அதுக்குத்தான் இந்த ஆட்டம்னு சொல்ல மாட்டாங்க?"

அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வீட்டில் இருப்பது ஒரே மேசை. அதன்மேல் தையல் மெஷின். நர்சிங் நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நாற்பது நாள். மகள் காலை பத்து மணிக்கு நாலாம் மாடியில் போய் உட்கார்ந்தால் மாலைவரை அசைய மாட்டாள். திரையில் முதலில் மறைபவள் அவள்தான்.

போன வாரம் கட்டட மேலாளர் அறிக்கையோடு வந்து நின்றார்.

"நாலாம் மாடியில சராசரி ஆறு பேர்தான் வர்றாங்க. ஒண்ணாம் தேதியோட மூடிடலாம்னு இருக்கோம்."

"அந்த ஆறுல ஒருத்தர் கோட்டு, மேடம்."

"என்னது?"

"நான் சொன்னா என் பொண்ணுக்காகன்னு நினைப்பீங்க. நீங்களே போய் அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. போனதும் ஜன்னல்கிட்ட தொங்குற கோட்டைக் கழட்டி மடிச்சு வெச்சிடுங்க. அவரைக் கணக்குல சேர்க்க வேணாம்."

மேலாளர் சிரித்துக்கொண்டே படியேறினார். திரையில் கோட்டு சாரின் கட்டம் அணைந்தது. சும்மா இருக்க வேண்டாமே என்று அலமாரியிலிருந்து ஒரு தடித்த துப்பறியும் நாவலை உருவிக்கொண்டு, மேலாளர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். எண் பத்தொன்பது.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பதினான்கு. ஒன்பது. மகளின் கட்டம் எப்போதோ போயிருந்தது. நாலு. வழக்கமாக எழுந்திருக்கும் நேரம். கை தானாக ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துவிட்டது. ஆனால், மேலாளரே பார்க்கட்டும் என்று உட்கார்ந்தே இருந்தார். அன்று பேப்பர் புரட்டுபவரும் போன் நோண்டுபவரும் இல்லை; கோட்டு சாரும் இல்லாத கூடம். இரண்டு. ஒன்று. பூஜ்யம்.

நாலாம் மாடியில் விளக்குகள் அணைந்தன. என்ன ஏது என்று எல்லோரும் நிமிர்ந்தார்கள். பச்சைக் கட்டங்கள் பொலபொலவென்று பூத்தன, விளக்கும் வந்துவிட்டது. அக்கா எண்ணைப் பார்த்தார். பதினெட்டு. மறுபடி பார்த்தார். பதினெட்டேதான்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஓர் உருவம் விளக்கு போனதும் தெரியாமல், வந்ததும் தெரியாமல், குனிந்தபடி இருந்தது. அதைச் சுற்றிக் கட்டமே இல்லை.

அக்கா போனை எடுத்தார்.

"மேடம், எங்க இருக்கீங்க?"

"நாலாம் மாடியிலதான்" என்றது ஒரு கிசுகிசுப்பு. "ஒரு பத்து நிமிஷம் இருங்களேன். கொலை பண்ணது யாருன்னு இப்பத்தான்…"

"மெதுவா வாங்க மேடம். இங்க எல்லாரும் இருக்காங்க. நீங்க மட்டும்தான் இல்ல."

திரையில் அந்த உருவம் தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தது. பிறகு, வகுப்பில் வருகைப் பதிவின்போது செய்வதுபோல, மெல்லக் கையைத் தூக்கியது. பத்தொன்பது.

அக்கா சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் ஆணியில் மாட்டினார்.